ரிக்வயர்மென்ட் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி-பதில்

ரிக்வயர்மென்ட், ஸ்பெசிஃபிகேஷன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கிளையன்டுக்கு என்ன வேண்டும் என்பது முதலாவது. அதற்காக மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாவது.

எஸ்ஆர்எஸ்ஸை (மென்பொருள் தேவைகளை விவரிக்கும் ஆவணம்) ஐஇஇஇ 830 தர விதிப்படி எழுதச் சொல்கிறார்கள். சரியா?

அது 1998-ல் வந்த பதிப்பு. 2011-லேயே 29148 என்ற தர விதி அதன் இடத்துக்கு வந்துவிட்டது, 2018-ல் அதையும் திருத்திவிட்டார்கள். புதியதைப் படியுங்கள்.

எங்களுடையது பேங்க் புராஜெக்ட். 'ஆக்டிவ் அக்கவுண்ட்' போன்ற எல்லாருக்கும் தெரிந்த சொற்களுக்கும் விளக்கப் பட்டியல் வேண்டுமா?

'எல்லாருக்கும் தெரிந்த' சொல்தான் புராஜெக்ட்டைக் கவிழ்க்கும். எத்தனை தடவை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது! உங்கள் டெவலப்பர் என்ன செய்வார்? கடைசி வரவு-செலவுத் தேதியைப் பார்ப்பார். சேமிப்புக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி விழுகிறதே, அதையும் ஒரு வரவாக எடுத்துக்கொள்வார். அப்புறம் எந்தக் கணக்குமே முடங்காது. ரிசர்வ் பேங்க் விதியோ, இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பில் நடமாட்டம் இல்லையென்றால் அது முடங்கிய கணக்கு என்கிறது. பேங்க் தானாகப் போடும் வட்டியும் பிடிக்கும் கட்டணமும் இதில் சேராது. இந்த இரண்டு வரியைப் பட்டியலில் எழுத ஐந்து நிமிஷம் ஆகுமா? எந்த நடமாட்டம் கணக்கில் வரும், எது வராது, எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று மூன்றையும் எழுதுங்கள். கையெழுத்து வாங்கும் முன் டெஸ்டரிடம் காட்டுங்கள்.

வெரிஃபிகேஷன், வேலிடேஷன் வித்தியாசம்?

எழுதியபடி செய்தோமா என்பது வெரிஃபிகேஷன். எழுதியதே சரிதானா என்பது வேலிடேஷன். 1999-ல் நாசா இழந்த செவ்வாய் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் அலகு வேண்டும் என்று ஆவணம் சொன்னது. தரையிலிருந்த மென்பொருள் பவுண்டு அலகில் கணக்குக் கொடுத்தது. ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். ஆவணத்தில் குறையில்லை, அதோடு ஒப்பிட்டுச் சோதிக்காததுதான் குறை.

நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட் மாதிரி ஒன்று அனுப்புங்கள், அவசரம்.

மென்பொருள் என்ன செய்யும் என்பதல்ல, எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதுதான் அது. என்ன மென்பொருள், யாருக்கு என்று ஒரு வரிகூட எழுதாமல் எதை அனுப்புவது? 'வேகமாக இயங்க வேண்டும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தனை விநாடி என்று எண் போடுங்கள். இதையும் டெஸ்டரிடம் காட்டுங்கள்.

ரிக்வயர்மென்ட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஷல்', 'ஷுட்' எதைப் போடுவது?

'ஷல்' கட்டாயம். 'ஷுட்' விருப்பம், செய்யாமல் விட்டால் சண்டை போட முடியாது.