காலையில் வினாடி வினா, முந்தின இரவு இறுதி ஆட்டம்: இரண்டையும் விடாமல் இருக்க முடியுமா?

கேள்வி: மகளுக்கு 12 வயது. சனிக்கிழமை காலை கணிதப் போட்டித் தேர்வு, ஞாயிறு காலை 9 மணிக்கு வினாடி வினா. நடுவில் சனி இரவு 7.30 மணிக்கு டி20 இறுதி ஆட்டம். வீட்டில் எல்லோருக்கும் கிரிக்கெட் உயிர், அவளுக்கும்தான். பார்க்க விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் பாதி ஆட்டம்தான், மீதி மறுநாள். வீட்டில் எல்லோருக்கும் அதே கணக்கு.

6 முதல் 12 வயது வரை இரவுத் தூக்கம் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். ஞாயிறு 6.30-க்கு எழ வேண்டுமானால் 9.30-க்குள் தூங்கியிருக்க வேண்டும். டி20-யில் ஓர் இன்னிங்ஸுக்கு ஒதுக்கிய நேரம் 85 நிமிடம், இடைவேளை 20 நிமிடம். 7.30-க்குத் தொடங்கினால் முதல் இன்னிங்ஸ் 9 மணியை ஒட்டி முடியும். பல் துலக்கிப் படுக்க அந்த இடைவேளையே போதும். முழுதாகப் பார்த்தால் 11 மணி, பரிசளிப்பும் சேர்ந்தால் அதற்கும் மேல். அன்றைக்குப் படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான்; அதை வெட்டினால் மேடையில் 'தெரியும், ஆனால் வாயில் வரவில்லை' என்று நிற்க வேண்டியிருக்கும். முதல் இன்னிங்ஸின் கடைசி ஐந்து ஓவருக்கு விளக்கைக் குறைத்து, சத்தத்தையும் குறையுங்கள். பரபரப்போடு படுக்கைக்குப் போனால் அரை மணி நேரம் புரண்டுகொண்டிருப்பாள்.

பெரும்பாலும் கெடுவது இதற்குப் பிறகுதான். அவளைப் படுக்க அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் கூடத்தில் தொடர்ந்து பார்ப்பார்கள். விக்கெட் விழும்போது எழும் கூச்சல் கதவைத் தாண்டிப் போகும். சத்தமே இல்லாமல் பார்த்தாலும், காலையில் அப்பாவின் முகமே முடிவைச் சொல்லிவிடும். எல்லோரும் ஒன்றாக நிறுத்துங்கள், வினாடி வினா முடிந்து வந்து ஒன்றாகப் பாருங்கள். அவள் தண்டிக்கப்பட்டதாக நினைக்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

செட்டாப் பாக்ஸில் பதிவு செய்யும்போது முடியும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்கள். அட்டவணை நேரத்தில் பதிவு தானாக நின்றுவிடும். மழையோ சூப்பர் ஓவரோ வந்தால் கடைசிப் பந்து கிடைக்காது. நிறுத்திய இடத்தையும் குறித்து வையுங்கள்: பதிவு 7 மணிக்குத் தொடங்கி 9.05-க்கு நிறுத்தினீர்கள் என்றால் 2 மணி 5 நிமிடம். அதைக் குறிக்காமல் மறுநாள் முன்னும் பின்னும் ஓட்டித் தேடினால் ஸ்கோர் கண்ணில் பட்டுவிடும். செயலியில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, முகப்புப் படத்திலேயே வென்றது யார் என்று போட்டிருக்கும். முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை என்கிற ஒருவர் திறந்து கொடுக்கட்டும். காலையில் மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள், அழைப்பு மட்டும் வந்தால் போதும்.

இனி சனிக்கிழமைத் தேர்வு. முதலில் மதிப்பெண் விதியைப் படியுங்கள், ஊகிக்கலாமா கூடாதா என்பது அதில்தான் இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்று, சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குக் குறித்தாலும் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 4-இல் 3 போக 1 மிஞ்சும். சரிக்கு 3 மட்டும் என்றால் மிச்சம் பூஜ்யம். அப்போது ஒரு விடையையாவது உறுதியாக ஒதுக்க முடிந்தால் மட்டும் குறிக்கலாம். அமெரிக்கக் கணிதப் போட்டிகளான ஏஎம்சி 10, 12 தேர்வுகளில் கணக்கே வேறு. ஐந்து விடைகள், சரிக்கு 6, தவறுக்கு 0, விட்ட கேள்விக்கே 1.5. அங்கே இரண்டு விடைகளை ஒதுக்க முடிந்தால்தான் ஊகிப்பதில் லாபம்.

வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் நல்ல பிள்ளைகளே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 13-ஆம் கேள்வியை விட்டுவிட்டு 14-இன் விடையை 13-இன் வட்டத்தில் கறுப்பாக்குவார்கள், அதற்குப் பிறகு வரிசை முழுதும் ஒரு படி தள்ளிப்போகும். ஒவ்வொரு ஐந்து கேள்விக்கும் ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். விட்ட கேள்வியின் எண்ணைக் கேள்வித்தாளில் வட்டமிட்டு வைக்கட்டும்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைகளைக் கிளறாதீர்கள். தவறு தெரிந்தால் அந்தப் பாரம் ஞாயிறு வரை கூடவே வரும். மதியம் களைப்பாக இருந்தால் 3 மணிக்கு முன் 20 நிமிடம் தூங்கட்டும்; நீட்டினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும். மாலையில் 40 நிமிடம் இரண்டு முறை, முன்பு தவறவிட்ட வினாக்களை மட்டும் பார்க்கட்டும். புதிதாக எதுவும் வேண்டாம்.

இனி ஞாயிறு வினாடி வினா. முதலில் பொத்தானை அழுத்துபவர் விடை சொல்லும் பஸ்ஸர் சுற்றில் தோற்பவர்களில் பலருக்கு விடை தெரியாமல் இல்லை. வினா முடியும் முன் அழுத்திவிட்டு, கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறார்கள். 'இதன் தலைநகர்...' என்று தொடங்கும் வினா 'எந்த ஆண்டு மாற்றப்பட்டது?' என்று முடியலாம். மேசையைத் தட்டச் சொல்லிப் பத்து வினாக்கள் படித்துக் காட்டுங்கள், வினாவின் திருப்பம் எங்கே வருகிறது என்று காது பிடித்துக்கொள்ளும்.

ஆட்டத்தையே பாடமாக்கும் ஆசை சில பெற்றோருக்கு வரும். '30 பந்தில் 48 ரன், ஓவருக்கு எத்தனை?' என்று அவளாகக் கேட்டு 9.6 என்று சொன்னால் மகிழுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்கு ஓய்வு.