எச்-இண்டெக்ஸ் குறைவாக உள்ள மருந்து வேதியியல் பேராசிரியரிடம் பிஎச்.டி. சேரலாமா?

கேள்வியின் விவரத்தில், "அவர் செய்த எந்த மூலக்கூறும் மருந்தாகவில்லை, மேற்கோள்களும் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு கைடு தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியல் போடும் கூகுள் ஸ்காலரைத் திறந்து காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

சேரலாம். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 20. மருந்து வேதியியலில் இதை வைத்து ஆளை எடை போட முடியாது. ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தின் கட்டமைப்பைச் சீனர்கள் 1977-இல் வெளியிட்டபோது ஆய்வுக் குழுவின் பெயரில்தான் போட்டார்கள், தனி ஆள் பெயரே இல்லை. 2000-இல் தென்னாப்பிரிக்காவில் 60 ஆயிரம் பேருக்கு மேல் மலேரியா வந்தது. பழைய மாத்திரை கேட்கவில்லை. மறுவருஷம் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணம் அதே குடும்பத்து ஆர்ட்டிமீத்தரோடு லூமிஃபான்ட்ரினையும் சேர்த்த கூட்டு மருந்துக்கு மாறியது. கொசுவை ஒழிக்கும் டிடிடி தெளிப்பையும் மறுபடி கொண்டுவந்தார்கள். நோய் மளமளவென்று இறங்கியது. இந்த மாகாணத்து ஜோசினி ஊர்ப் பக்கம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களை எந்த இண்டெக்ஸில் சேர்ப்பது?

என் கதையைச் சொல்கிறேன். மதுரையில் படித்துவிட்டு இந்த மாகாணத்து டர்பன் நகரத்துக்கு போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்காக, வந்தவள் நான். இப்போது வீடு சாட்ஸ்வொர்த்தில். காசநோய்க்காக ஒரு வரிசை மூலக்கூறுகள் செய்தோம். ஒவ்வொன்றையும் 'காலம்' (column) என்ற பிரிப்புக் குழாயில் ஓட்டி, தூய்மையைக் காட்டும் டி.எல்.சி. தட்டில் ஒற்றைப் புள்ளியாக வரும்வரை விடாமல் சுத்தம் செய்து, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். எடுத்துச் சரிபார்த்தோம். கிருமியை அருமையாகக் கொன்றது. அப்புறம் ஹெர்க் சோதனை வந்தது. இதயத் துடிப்பை ஒழுங்காக வைக்கும் பொட்டாசியம் வாயிலை நம் மூலக்கூறு அடைக்கிறதா என்று பார்ப்பது அது. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை 1990-களில் கடையை விட்டுப் போனது இந்தக் கோளாறால்தான். எங்கள் வரிசை முழுவதும் வாயிலை அடைத்தது. ஓரத்தில் இருந்த பைப்பரிடின் வளையம்தான் வினை. அதிலிருந்த நைட்ரஜனின் காரத்தன்மையைக் குறைத்துப் பார்த்தோம். இதயம் தப்பியது, கூடவே கிருமியும் தப்பியது.

எது தோற்றது, ஏன் தோற்றது என்று எல்லா எண்களோடும் எழுதி வெளியிட்டோம். மேற்கோள் காட்டியவர்கள் மிகச் சிலர். பிறகு பதவி உயர்வுக் குழுவில் ஒருவர் என் தாளைப் புரட்டிவிட்டு, "தாக்கம் போதாது" என்றார்.

அந்தக் கூட்டத்தைத் தீபாவளி அன்றைக்கு வைத்திருந்தார்கள். இதையும் சொல்லியே ஆக வேண்டும். 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் ஆட்களை இந்தத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை. அதுவும் பள்ளி இறுதியான மெட்ரிக் தேர்வுக் காலத்தில் வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, முறுக்கைக்கூட வாயில் வைக்காமல் தேர்வுக்கு ஓடினாள். கேட்க நாதியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிற்பாடு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து ஒரு மாணவர் மெயில் போட்டார். எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அந்த வளையத்தைத் தொடவே இல்லையாம், நேராக வேறு வழியில் போனார்களாம். நன்றி சொல்லியிருந்தார். அவர்கள் கட்டுரையில் எங்கள் பெயர் கிடையாது. செய்யாமல் விட்ட வேலைக்கு யார் மேற்கோள் போடுவார்கள்? ஆனால் அவர்களுக்கு எவ்வளவு காலமும் பணமும் மிச்சம்! எனக்கு அதுதான் தாக்கம்.

கெல்லி சிபாலே என்ற மருந்து வேதியியலாளரைப் பாருங்கள். ஜாம்பியாவில் பிறந்தவர், 2010-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் எச்3டி என்ற மருந்து கண்டுபிடிப்பு மையத்தைத் தொடங்கினார். அவருடைய குழுவின் எம்.எம்.வி.048 என்ற மலேரியா மூலக்கூறு 2014-இல் மனிதச் சோதனைவரை போனது, மருந்துக் கடைக்கு வரவில்லை. அவருக்கு மேற்கோளும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கண்டத்திலேயே உட்கார்ந்து புது மருந்துக்கான மூலக்கூறு செய்யத் தெரிந்த ஒரு கூட்டத்தை அவர் உருவாக்கியிருக்கிறாரே, அதற்கு எந்த எண்?

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கிளம்பிவிடாதீர்கள். பல வருஷமாக ஒரு கட்டுரையும் வராத ஆளிடம் சேர வேண்டாம். "தன் எண் சின்னது என்பதால் பேசுகிறாள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், சின்னதுதான். அந்த எண்ணில் எதெல்லாம் வராது என்று எனக்குத் தெரிவதும் அதனால்தான்.

நீங்கள் அவரை நேரில் போய்ப் பாருங்கள். கைவிட்ட மூலக்கூறுகளைப் பற்றிக் கேளுங்கள். ஏன் விட்டோம் என்று நோட்டை எடுத்துக் காட்டிப் பேசினால் தைரியமாகச் சேருங்கள். அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள், இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். ஹெர்க் மாதிரி சோதனைகளை யார் செய்து தருகிறார்கள், அதற்குப் பணம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உதவித்தொகை எத்தனை வருஷத்துக்கு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.