ஆம்பூர் ஜாப் ஒர்க்: ஜோடிக்கு 3 ரூபாய் ஏற்ற மறுக்கிறார்கள்

ஷூ அப்பரை (ஷூவின் மேல்பகுதி) கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் நீங்கள், ஜோடிக்கு 3 ரூபாய் கூட்டிக் கேட்டும் ஆர்டர் கொடுப்பவர் மறுக்கிறார் என்கிறீர்கள். ரேட்டை விடுங்கள், பணம் தரும் கெடுவைக் குறைக்கச் சொல்லுங்கள். பணம் 90 நாள் கழித்துத்தான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஷூ அப்பர் தைக்கக் கொடுப்பவருக்கு ஏற்றுமதி விலை முன்பே முடிவாகியிருக்கும். ரேட்டில் அவர் இறங்கி வருவது கஷ்டம்.

நூல், பசை, வாரக்கூலிக்கு வாங்கும் கடனின் வட்டி ஜோடிக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். என் யூனிட்டில் ஒன்றரை ரூபாய் அதிலேயே போனது!

அப்புறம், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் இழுத்தால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அந்தச் செலவை அவர் வரிக்கணக்கில் கழிக்கலாம். சீக்கிரம் கொடுப்பது அவருக்கும் லாபம்தான். பதிலுக்கு டெலிவரி தேதியை எழுதிக் கொடுங்கள்.

மிரட்டலாக மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த லாட் பக்கத்துப் பேரணாம்பட்டு யூனிட்டுகளுக்குப் போய்விடும்.