வாங்கிய தோட்டத்தில் பெயர் தெரியாத மரங்கள்: மருந்துக்கு முன் அடையாளம்

கேள்வி: வேடசந்தூர்ப் பக்கம் தக்காளியும் முருங்கையும் பயிரிட்டு வந்த நான், தாண்டிக்குடி அருகே 1 ஏக்கர் பழைய காப்பித் தோட்டத்தை மாசியில் வாங்கினேன். காப்பியைத் தவிர எதுவும் அடையாளம் தெரியவில்லை. முள் மரங்கள் இலையின்றிப் பட்டுப்போனவை போல நிற்கின்றன; ஒரு கொடி ஏறி அவற்றை அமுக்குகிறது. நீண்ட இலையுள்ள பெரிய மரம் கொத்துக் கொத்தாகப் பூத்தும் காய்க்கவில்லை. வாரம் இருமுறை பாத்தி நிறையத் தண்ணீர் கட்டியும் அதன் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. ஓர் இலையின் படத்தை அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் களைக்குக் கிளைபோசேட்டும் இலைக்கு ஒரு டானிக்கும் தந்திருக்கிறார். எந்த அளவில் கலப்பது? ஆடுகளையும் அங்கே கொண்டுபோக எண்ணியிருக்கிறேன்.

பதில்: எந்த அளவிலும் கலக்க வேண்டாம். பட்டுப்போனதாக நீங்கள் கருதும் முள் மரம் பெரும்பாலும் கல்யாண முருங்கையாக இருக்கும். பனிக்காலம் முடிகையில் இலையை உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து, பிறகு தளிர்ப்பது அதன் இயல்பு. காப்பிக்கு நிழலாகவும், வேர் முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்து சேர்ப்பதற்காகவும் அதை நட்டிருப்பார்கள். கொடியின் இலையைக் கசக்கி முகருங்கள். கார நெடி வீசி, கணுக்களில் பற்றுவேர்களும் இருந்தால் அது மிளகு, முள் மரம் அது ஏறுவதற்கான தாங்கு மரம். அதன் அடியில் களை போலத் தரையோடு படரும் ஓடுகொடிகளே அடுத்த நடவுக்கான கன்றுகள். கிளைபோசேட் அவற்றின் மேல் பட்டால் தாய்க்கொடிக்கும் சேர்ந்தே பாயும். அந்த மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாகவே பயன்படுத்த வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு ஆணையிட்ட பிறகும், தோட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர் அதை விவசாயியின் கையில் கொடுப்பது பொறுப்பற்ற வியாபாரம்.

நீண்ட இலை மரம், உங்கள் விவரிப்பின்படி, வெண்ணெய்ப்பழமாக (அவகேடோ) இருக்கலாம். பூக்கும் பருவத்தில் பழைய இலை மஞ்சளாகி உதிர்வது அதற்கு வழக்கம். அதன் ஒவ்வொரு பூவும் முதலில் பெண்ணாகவும் மறுநாள் ஆணாகவும் விரியும். அந்த நேரங்கள் முன்பின்னாக அமைந்த இருவகை மரங்கள் அருகருகே இருந்தால் காய்ப்பு கூடும் என்பதால், தனி மரம் காய்க்காததை நோயாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் புதுத் தளிரும் சிறுத்து வெளிறி, கிளை நுனிகள் காய்ந்து வந்தால், தேங்கும் நீரால் வேர் அழுகுகிறது என்று பொருள். தக்காளிக்குக் கட்டுவதுபோல இதற்குத் தண்ணீர் கட்டுவதை இன்றே நிறுத்தி, தூரைச் சுற்றி வடிகால் எடுங்கள். அழுகும் வேரை டானிக் மீட்காது.

நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, இவற்றின் பெயரை எப்படி உறுதிசெய்வது என்பதையே. நீங்கள் அனுப்பியது போன்ற ஒற்றை இலைப் படத்தை வைத்துப் பெயர் சொல்பவரை, அவர் நாற்றுப் பண்ணைக்காரராயினும் கைப்பேசிச் செயலியாயினும், நம்பாதீர்கள். செடியின் குடும்பத்தைப் பூவும் காயுமே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு மரத்திலும் எண்ணிட்ட தகரத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். பூக்கும்போது இலை, பூ, கிடைத்தால் காயுடன் ஒரு சாண் கிளையை வெட்டி, பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் விரித்துப் பாரம் வைத்து, காயும்வரை நாள்தோறும் தாளை மாற்றுங்கள். பூவின் நிறம் மங்கிவிடும் என்பதால் அதையும், பால் வடிகிறதா, இலை எதிரெதிராக அமைந்ததா மாறி மாறி அமைந்ததா, கசக்கினால் என்ன மணம் என்பவற்றையும் தேதியோடு அதே எண்ணின் கீழ் எழுதி வையுங்கள். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கையில் ஊசிமுனை போன்ற எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் ஆரஞ்சு, நாரத்தை, கறிவேப்பிலைக் குடும்பம். இந்தச் சோதனைக்கு மட்டும் பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் தாள்களைத் தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். காப்பிக்குத் தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கும் பிடிபடாதவற்றைக் கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான்கு பருவமும் ஒரு சுற்று வரும்வரை மரம் எதையும் வெட்டாதீர்கள், வெறுந்தரையையும் ஆழக் கொத்தாதீர்கள். இஞ்சி, மஞ்சள், கருணை போன்றவை இந்த மாதங்களில் இலை மடிந்து மண்ணுக்குள் உறங்குகின்றன.

காத்திருக்கக் கூடாத வேலை ஒன்றுண்டு. ஆடுகளைக் கொண்டுபோகும் முன், வேலியோரத்தில் உண்ணிச்செடியும் அரளியும் எக்காளம் போல் தொங்கும் பூவுடைய ஊமத்தை இனச் செடியும் இருக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். உண்ணிச்செடி ஆட்டின் ஈரலைக் கெடுக்கும். அரளி இதயத்தை நிறுத்தும். இவற்றை வேரோடு களைந்து, காய்ந்த தழையும் ஆட்டுக்கு எட்டாதபடி புதைத்த பிறகு ஆடுகளை ஓட்டிச் செல்லுங்கள்.