ரத்தம் ஏற்றும் நாளும் கல்யாண நாளும்

கேள்வி: என் ஏழு வயது மகனுக்கு பீட்டா தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். தையில் என் நாத்தனாரை என் தம்பிக்குக் கொடுக்கிறோம். முகூர்த்த வாரத்திலேயே ரத்தம் ஏற்றும் நாளும் வருகிறது. பத்து நாள் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடாது. ஏற்றுவதற்கு முந்தைய ஹீமோகுளோபின் ஒன்பதரைக்குக் கீழே இறங்காமல் வைத்திருப்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. டாக்டரைக் கேட்டு இரண்டு மூன்று நாள் முன்னதாக ஏற்றிவிடுங்கள். ரத்த வங்கியில் இப்போதே சொல்லிவையுங்கள்.

அது கிடக்கட்டும். நாத்தனாரைத் தம்பிக்குக் கொடுப்பதை ஏதோ பந்தக்கால் நடுகிற சேதி மாதிரி எழுதிவிட்டுப் போகிறீர்களே! பிள்ளைக்கு இந்த நோய் என்றால் நீங்களும் கணவரும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாத்தனாருக்கும் அதே கணக்கு. இருவருக்கும் இருந்துவிட்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்தால் அடுத்த மூன்றும் தப்பும் என்று எண்ண வேண்டாம்.

இருவரும் திடமாகத்தானே இருக்கிறார்கள் என்பீர்கள். நீங்களும் கணவரும் அப்படித்தான் இருந்தீர்கள்.

முழு ரத்த அணுப் பரிசோதனையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையும் இருவருக்கும் செய்யுங்கள். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் அவர் பழுதான மரபணுவைக் கடத்துபவர்தான். ஒரு சிக்கல்: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த அளவு இறங்கிக் காட்டும். சிவப்பணு சிறுத்திருந்து ஏ2 எல்லையில் நின்றால், இரும்புக் குறையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். இல்லாவிட்டால் மரபணுப் பரிசோதனைக்குப் போங்கள். ‘லேசான ரத்தசோகை’ என்று மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினால் கிளம்பி வந்துவிடாதீர்கள்.

இருவருமே கடத்துபவர்கள் என்று தெரிந்தால் கல்யாணம் நடக்க வேண்டுமா என்பதை அவர்கள் இருவரும் முடிவு செய்யட்டும். பெரியவர்களோ நீங்களோ அல்ல. கட்டிக்கொண்டால், கரு தரிக்கும் முன்பே இருவரின் மரபணுப் பழுது எதுவென்று கண்டுபிடித்து வைக்க வேண்டும். அது கையில் இருந்தால்தான் பதினோராவது வாரத்தையொட்டி நஞ்சுக்கொடித் திசு எடுத்துக் கருவைச் சோதிக்க முடியும்.

பத்திரிகை அடித்தாயிற்று, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். இங்கே இரண்டு வீட்டுக்கும் சம்பந்தி நீங்கள்தான். ஊசி குத்தும்போதெல்லாம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறவர் நீங்கள். இதைச் சொல்ல உங்களைவிட உரிமை யாருக்கு? அடுத்த முறை மகனுக்கு ரத்தம் ஏற்றப் போகும்போது தம்பியையும் நாத்தனாரையும் கூட்டிப்போய், அன்றைக்கே இருவருக்கும் ரத்த மாதிரி கொடுத்துவிட்டு வாருங்கள்.