டாஸ்க்பார் மினுக்கலை நிறுத்த வேண்டும், ஓடிபியும் தவறக் கூடாது!

கேள்வி: பாரிமுனையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். டேலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்றும்போதெல்லாம் கீழே வாட்ஸ்அப் ஐகான் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கி மினுக்கி உயிரை வாங்குகிறது. நோட்டிஃபிகேஷனை அணைத்துப் பார்த்தேன். மூலையில் வரும் பெட்டி நின்றது, மினுக்கல் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பை மொத்தமாக மூடவும் முடியாது. ஜிஎஸ்டி தாக்கலுக்கான ஓடிபியைக் கிளையன்ட்டுகள் அதில்தான் அனுப்புகிறார்கள். அலுவலகத்தில் விண்டோஸ் 11, வீட்டில் விண்டோஸ் 10. என்ன செய்யலாம்?
வாசகி, சென்னை 1

பதில்: வாசல் மணியைக் கழற்றிவிட்டீர்கள், வந்தவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். மூலையில் வரும் பெட்டி ஒரு சமாச்சாரம், டாஸ்க்பார் மினுக்கல் வேறு சமாச்சாரம். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச்.

மினுக்கலுக்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு. விண்டோஸ் 95 காலத்தில் எந்த மென்பொருளும் சட்டென்று உங்கள் முன்னால் வந்து நின்றுவிடும். நீங்கள் அடித்துக்கொண்டிருந்த பாஸ்வேர்டில் பாதி அங்கே போய் விழும். விண்டோஸ் 98இல் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. முன்னால் வரத் துடிக்கும் மென்பொருளை விண்டோஸ் மறித்துவிட்டு, அதன் டாஸ்க்பார் பட்டனை மட்டும் மினுக்கவிடும். மென்பொருளே நேரடியாக ‘என் பட்டனை மினுக்கு’ என்று கேட்கவும் வழியிருக்கிறது. எப்படிக் கேட்டாலும் அந்த வேண்டுகோள் நோட்டிஃபிகேஷன் பக்கம் வழியாகப் போவதில்லை. அதனால்தான் அங்கே அணைத்தும் பலன் இல்லை.

அலுவலகக் கணினியில் வேலை சுலபம். டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ திறங்கள். அடியில் ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ என்று மடங்கிக் கிடக்கும் பகுதியை விரித்தால் ‘ஷோ ஃப்ளாஷிங் ஆன் டாஸ்க்பார் ஆப்ஸ்’ என்ற வரி இருக்கும். அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். கணினியை அணைத்துப் போட வேண்டியதில்லை. அந்த வரியே காணோம் என்றால் விண்டோஸ் அப்டேட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

அதே இடத்தில் ‘ஷோ பேட்ஜஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். கை பரபரத்தாலும் அதைத் தொடாதீர்கள். ஐகானின் ஓரத்தில் எண்ணிக்கை காட்டும் சின்ன வட்டம் அது. அசையாது, அதனால் கண்ணை இழுக்காது. நம் கண்ணின் ஓரப்பார்வைக்கு எழுத்து சரியாகத் தெரியாது, ஆனால் அசைவு உடனே தெரியும். உங்களைப் படுத்தியது செய்தி வந்ததல்ல, அந்த அசைவுதான்.

சிலர் டாஸ்க்பாரையே மறைத்து வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மினுக்கல் வந்தால் ஒளிந்திருக்கும் டாஸ்க்பார் மேலே எழுந்து, டேலியின் அடிப்பகுதியை மறைத்துக்கொண்டு நிற்கும். அது இன்னும் தொல்லை.

சரி, ஓடிபி? ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய், நீங்கள் அணைத்த வாட்ஸ்அப்பைத் திரும்பவும் போடுங்கள். ஒலியும் இருக்கட்டும். அப்புறம் வாட்ஸ்அப்புக்குள் போய் குரூப்புகளை ‘ஆல்வேஸ்’ என்று ம்யூட் செய்யுங்கள். அபார்ட்மென்ட் குரூப், சொந்தக்காரர் குரூப், தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் சொல்லும் குரூப், எதற்கும் தயவு வேண்டாம். ஓடிபி கிளையன்ட்டின் தனி சாட்டில்தான் வரும், அதை மட்டும் விட்டுவையுங்கள். மூலைப் பெட்டி வழக்கமாக 5 விநாடியில் போய்விடும். ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதியில் ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ என்ற இடத்தில் அந்த நேரத்தைக் கூட்டலாம். 20ஆம் தேதி நெருக்கடியில் ஜிஎஸ்டியின் 3பி படிவம் தாக்கல் செய்யும்போது 15 விநாடி வைத்தால் படித்து அடிக்க வசதி. பெட்டி வழுக்கிக்கொண்டு வருவதும் உறுத்தினால், அங்கேயே ‘அனிமேஷன் எஃபெக்ட்ஸ்’ சுவிட்சை அணையுங்கள்.

க்ரோம் பெயரில் செய்தித் தளங்களின் பெட்டிகளும் வருகின்றனவா? எப்போதோ ‘அலவ்’ அழுத்தியதன் பலன். க்ரோமின் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பட்டியலில் அவற்றை நீக்கிவிடலாம்.

வீட்டு விண்டோஸ் 10இல் மினுக்கலுக்கு இப்படி ஒரு டிக் கிடையாது. விண்டோஸ் தன் உள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும், அங்கும் பாதி வெற்றிதான். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி ‘ரெஜ்எடிட்’ திறந்து, முதலில் ‘ஃபைல்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘கரன்ட் யூசர்’, ‘கன்ட்ரோல் பேனல்’, ‘டெஸ்க்டாப்’ என்று இறங்கினால் ‘ஃபோர்கிரவுண்ட்ஃப்ளாஷ்கவுன்ட்’ கிடைக்கும். வழக்கமாக அதில் 7 இருக்கும், அதாவது ஏழு மினுக்கல். அதை 1 ஆக்கிவிட்டு, லாக் ஆஃப் செய்து திரும்ப வாருங்கள். 0 போட்டால் நின்றுவிடும் என்று பலர் போட்டுவிடுகிறார்கள். அதற்கு அர்த்தமே தலைகீழ், நீங்கள் கிளிக் செய்யும்வரை மினுக்கும்! 1 போட்டாலும் பட்டன் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே நிற்கும், அசையாது. இத்தனை முறை மினுக்கு என்று தானே எண்ணிக்கை சொல்லும் மென்பொருள் மட்டும் இதற்குக் கட்டுப்படாது.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. கிளையன்ட் கணக்குகளை வீட்டிலும் திறப்பதாக இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன் அந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தாங்குமா என்று பாருங்கள். தாங்கினால் அலுவலகத்தில் எடுத்த அதே டிக்கை வீட்டிலும் எடுத்துவிடலாம்.