தெருநூலகத்துக்குப் பூட்டு வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

அல்சூரில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் ஒரு மர அலமாரியை மாட்டி, யார் வேண்டுமானாலும் புத்தகம் எடுக்கலாம், வைக்கலாம் என்று எழுதி வைத்தோம். ஆங்கிலச் சிறுவர் நூல்கள் போனவை போனவைதான். தமிழ் நூல்களைத் தொடுவாரில்லை. சென்ற மாதம் ஒரே இரவில் ஒரு தட்டு முழுவதும் காலியாகிவிட்டது. பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும் என்கிறார்கள். பூட்டுப் போட்டு, பதிவேடு வைத்து, மாலையில் மட்டும் திறக்கலாம் என்கிறார் என் கணவர். உங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள அம்மா,

பூட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. சீர்காழியில் பிறந்து, கடைசிக் காலத்தை உங்கள் ஊரில் கழித்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளைச் சொன்ன நூல் 1931இல் வெளிவந்தது. 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்ற முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த காலத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அமெரிக்காவின் ஹட்சன் என்னும் சிற்றூரில், ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாக டாட் போல் 2009இல் வீட்டு வாசலில் வைத்த சிறு புத்தகப் பெட்டியும் பூட்டில்லாததுதான். இன்று உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் அந்த வழியில் நிற்கின்றன.

பதிவேட்டில் பெயர் எழுதிப் புத்தகம் வாங்கிச் செல்ல விரும்புகிறவர்களுக்கு அரசு நூலகங்கள் உண்டு, உங்கள் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. அந்த வாசற்படிகளை மிதிக்கக் கூச்சப்படும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும், ஆர்டர் வரும்வரை வண்டியில் சாய்ந்து நிற்கும் இளைஞரும் யாரிடமும் கேட்காமல், முகவரி சொல்லாமல் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதற்காகவே தெருவில் ஓர் அலமாரி வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தை எடுத்துப்போன புத்தகம் திரும்பவில்லையென்றால், அந்த வீட்டில் ஒரு புத்தகம் சேர்ந்திருக்கிறது. அதை நான் இழப்பாகக் கருத மாட்டேன்.

எடைக்குப் போவது வேறு விஷயம். தட்டு நிறைய அடுக்கி வைத்தால்தான் மொத்தமாக அள்ளத் தோன்றும். பதினைந்து இருபது நூல்களை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை மாற்றுங்கள். முதல் பக்கத்திலும், மூடிய நூலின் பக்க ஓரத்திலும் 'விற்பனைக்கு அல்ல' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துங்கள். பேப்பர் கடைக்காரரையும் நேரில் பார்த்துப் பேசுங்கள். அந்த முத்திரையுள்ள நூல் வந்தால் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். அவரிடம் வரும் நல்ல நூல்களைக் கிலோ விலைக்கே உங்கள் அலமாரிக்கு வாங்கியும் கொள்ளலாம்.

தமிழ் நூல்களைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெங்களூரில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. ஆகவே உங்கள் தமிழ்த் தட்டின் வாசகர்கள் பெரும்பாலும் அவர்களுடைய தாத்தா பாட்டிகள். அவர்களுக்காக அங்கே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வீடு ஒழிக்கும்போது வந்து சேர்ந்த பழைய தேர்வு வழிகாட்டிகளும் விழா மலர்களும்தான் இருக்குமென்றால், தொடாதவர்களைக் குறை சொல்ல முடியாது. பைண்டு செய்த தொடர்கதைகள், சிறுகதைத் தொகுப்புகள், பெரிய எழுத்தில் அச்சான நூல்கள் ஆகியவற்றை வைத்து, இரண்டு மாதம் அசையாமல் கிடப்பதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் ஒரு பாட்டியை அலமாரியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கதை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் காது வழியாகக் கதை போய்ச் சேரும். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி வாசிக்கச் சொல்லி யாரையாவது நச்சரிக்கவும் செய்யும்.

மழையையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஏப்ரலிலேயே கோடை மழை தொடங்கி அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. அலமாரியின் கூரை முன்பக்கம் நன்றாக நீண்டு சரிந்திருக்க வேண்டும். சுவரின் ஈரம் ஏறாதபடி பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள்.

கன்னட நூல்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. தெரு எல்லோருக்குமானது, ஒரு தட்டு கன்னடத்துக்கு வேண்டும். அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். எதை வாங்குவது என்று கன்னடம் படிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையே கேளுங்கள். முடிந்தால் அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.